18,500 ரூபா போச்சு: புளூடூத் பிரிண்டர் திருத்தக் குடுக்கிறவை கவனம்

கோபம் ஆறுவதற்கு முன் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சியில் ஒரு கணினி திருத்தும் கடையில் 18,500 ரூபா குடுத்தேன். வேலை நடக்கவில்லை, காசும் திரும்பவில்லை. கடையின் பெயர் போடவில்லை, போட்டால் அது வேறு பிரச்சினை.

புதுக்குடியிருப்பில் சின்னதாக ஒரு கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். பில் அடிக்கிற தேர்மல் பிரிண்டர் புளூடூத்தில் ஓடுவது. என் டெஸ்க்டொப்பில் புளூடூத் இல்லை, யூஎஸ்பியில் குத்துகிற சின்னப் புளூடூத் துண்டு, அதுதான் டொங்கிள், அதைக் குத்தித்தான் பாவிக்கிறேன். பழைய டொங்கிள் பழுதாகிப் புதிது போட்டதிலிருந்துதான் கரைச்சல். கணினி பிரிண்டரின் பெயரைக் காட்டும், 0000 என்ற கடவு இலக்கத்தைக் கேட்கும், சோடி சேர்ந்துவிட்டதாகவும் சொல்லும். பில் மட்டும் வராது. போனிலிருந்து அனுப்பினால் அதே பிரிண்டர் சடசடவென்று அடிக்கும்.

சிபியுவையும் பிரிண்டரையும் உரப்பையில் கட்டி, ஏ35 வீதியால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி முதலில் ஊரைக் கேட்டான். சொன்னதும், "ஐயோ அக்கா, எங்கட அம்மான்ர ஊரும் உங்கட பக்கம், முள்ளியவளைதானே" என்று கதிரை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணியும் எடுப்பித்தான். பிறகு சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றி, போன் லைட்டைப் பிடித்து, போர்டில் மண்ணிறமாக இருந்த ஒரு இடத்தைக் காட்டினான். "பார்த்தீங்களே, யூஎஸ்பியைப் பார்க்கிற சிப் அடிபட்டிருக்கு. அதுதான் பேரைப் பிடிக்குது, சேவையைப் பிடிக்குதில்லை." ஊர்க்காரப் பிள்ளை, கையில் ஆதாரத்தோடு சொல்கிறான். வேறு யாரை நம்புவது? 18,500 ரூபாவையும் முற்பணமாகவே வாங்கிக்கொண்டான்.

எடுக்கப் போன அன்று என் கண் முன்னால் பில் அடித்துக் காட்டினான். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அடித்தான். வீட்டுக்கு வந்து குத்தினால் பழைய கதைதான்.

போன் எடுத்தால், "பெடியன் லீவு அக்கா." பிறகு, "கொழும்பில இருந்து சாமான் வரவேணும்." பிறகு, "உங்கட கரண்டில ஏதோ பிழை." வட்ஸ்அப்பில் அனுப்பினதுக்கு நீலச் சரி மட்டும். நேரில் போனால் அந்தத் தம்பி பின்பக்கம் போய்விட்டான், முன்னால் நின்றவர் எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். பில் என்று தந்தது ஒரு கிழித்த கொப்பித்தாள், அதில் 'சேவிஸ் 18,500'. முத்திரையும் இல்லை, என்ன மாற்றினது என்றும் இல்லை.

கடைசியில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெடியன் லீவில் வந்தபோது பார்த்தான். புளூடூத்தில் ஒரு சாதனத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அது என்னென்ன சேவை தரும் என்று கேட்டறிவது அடுத்த வேலையாம். இந்தப் பிரிண்டர் தன்னிடம் சீரியல் போர்ட் சேவை, அதாவது கம்பியில் வருவதுபோலத் தரவை வாங்குகிற வழி, இருக்கிறது என்று சொல்லும். விண்டோஸ் அந்த வழிக்கு ஒரு கொம் இலக்கம் போடும், மென்பொருள் அந்த இலக்கத்துக்குத்தான் பில்லை அனுப்பும். டொங்கிள் மாறி மறுபடி சோடி சேர்த்ததில் கொம்3 இருந்த இடத்தில் கொம்5 வந்திருக்கிறது. பில் மென்பொருள் இன்னும் கொம்3க்கே அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறது. இலக்கத்தை மாற்றினான், அடித்தது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போகவில்லை. சிப்பும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

அதோடு விட்டானா? பிரிண்டர் பட்டியலில் யூஎஸ்பி001 என்ற, கேபிளில் குத்தினால் வருகிற போர்ட்டில் புதிதாக ஒன்று சேர்த்திருப்பதைக் காட்டினான். அதாவது கடையில் எனக்குக் காட்டின அந்த பில், பின்னால் கேபிள் குத்தி அடித்தது! 18,500 ரூபாவுக்கு நடந்த வேலை அவ்வளவுதான்.

விளக்கமாக ஆலோசனை எழுதத்தான் இருந்தேன், இப்போது பொறுமை இல்லை. புளூடூத் அமைப்புகளில் கொம் போர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து 'அவுட்கோயிங்' என்று இருக்கிற இலக்கத்தைப் பாருங்கள், அதையே மென்பொருளிலும் போடுங்கள். சாதனத்தையே காட்டவில்லை என்றால் விண்டோஸ் சேவைகளில் 'புளூடூத் சப்போர்ட் சேர்விஸ்' ஓடுகிறதா என்று பாருங்கள். முற்பணமாக முழுக்காசு குடுக்காதீர்கள். கழற்றின சாமானைத் திருப்பிக் கேளுங்கள். முத்திரை போட்ட பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் குடுக்க வேண்டும். நான் அந்தக் கொப்பித்தாளைப் போட்டோகொப்பி எடுத்து வைத்துவிட்டேன், நாளைக்கு அனுப்புகிறேன்.