பிளேரைட் எம்சிபி: டூல் விளக்கங்களுக்கு மட்டும் ஒரு மதிப்புரை

ஏஐ ஏஜென்ட்டின் கையில் பிரவுசரைக் கொடுக்கும் மைக்ரோசாஃப்ட்டின் பிளேரைட் எம்சிபி பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பிளேரைட் என்பது ஸ்கிரிப்ட் வழியாகப் பிரவுசரை இயக்கும் மென்பொருள், எம்சிபி என்பது ஏஐ மாடல்களை வெளி டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறை, டூல் என்பது ஏஜென்ட் கூப்பிடக்கூடிய ஒரு செயல். இலவசம், ஓப்பன் சோர்ஸ், கணினியில் நோட் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) 18 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். பிளேரைட்டுக்கு முந்தைய டெஸ்டிங் கருவியான செலினியம் காலத்திலிருந்து டெஸ்டிங்கில் குப்பை கொட்டுகிற எனக்கு இதில் பிடித்தது வேறு: ஒவ்வொரு டூலோடும் வரும் ஓரிரு வரி விளக்கம். டூலுக்குள் என்ன கோட் ஓடுகிறது என்பது ஏஜென்ட்டுக்குத் தெரியாது. பெயர், விளக்கம், பாராமீட்டர் (டூலுக்குக் கொடுக்க வேண்டிய விவரம்) குறிப்புகள், இவற்றை வைத்துத்தான் எதை எப்போது கூப்பிடுவது என்று அது முடிவு செய்கிறது.

பக்கத்தைப் பார்க்க இதில் இரண்டு டூல்கள். 'பிரவுசர் ஸ்னாப்ஷாட்', பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர்கள் நம்பியிருக்கும் அதே அக்சஸிபிலிட்டி தகவலை எழுத்தாகத் தரும்: இது பட்டன், இதன் பெயர் இது, இதன் ரெஃப் (அடையாளக் குறியீடு) 'ஈ12' என்று. தமிழ்த் தளமானால் பட்டன் பெயரும் தமிழிலேயே வந்து நிற்கும். 'பிரவுசர் டேக் ஸ்கிரீன்ஷாட்' தருவது வெறும் படம். பெயரைப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, யாருக்கும் குழம்பும். நான் பார்த்த பதிப்பில் ஸ்கிரீன்ஷாட்டின் விளக்கம் அந்தக் குழப்பத்தை அங்கேயே தீர்க்கிறது: படத்தை வைத்து எதையும் செய்ய முடியாது, செயலுக்கு ஸ்னாப்ஷாட்டை எடு. தன்னால் ஆகாததைச் சொல்லி, போக வேண்டிய இடத்தையும் காட்டிவிடுகிறது. இந்த வரியை எழுதியவருக்கு ஒரு ஃபில்டர் காபி என் கணக்கில்.

காத்திருக்கும் டூலையும் சொல்ல வேண்டும். பிளேரைட்டில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது) என்றால் மில்லிசெகண்ட்தான். இந்த டூலிலோ நேரம் செகண்டில். குறிப்பில் 'செகண்டில்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல் இல்லையென்றால், பழைய ஸ்கிரிப்ட்டுகளைப் படித்து வளர்ந்த மாடல் ஐந்து விநாடி என்று நினைத்து 5000 கொடுக்கும். கணக்குப்படி அது ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல்.

கிளிக் டூலின் விளக்கம் மட்டும் படித்தால் சப்பென்று இருக்கும்: பக்கத்தில் கிளிக் செய்யும், அவ்வளவுதான். சரக்கெல்லாம் பாராமீட்டரில் இருக்கிறது. நான் பார்த்த பதிப்பில் ரெஃப் என்பது ஸ்னாப்ஷாட்டில் உள்ள அதே குறியீடாக இருக்க வேண்டும். அதோடு 'எலிமென்ட்' என்று ஒன்று, மனிதருக்குப் புரியும்படி அந்தப் பட்டனை விவரிக்க. எதற்காக என்பதையும் எழுதியிருக்கிறார்கள்: அனுமதி வாங்க. இதனால்தான் அனுமதிப் பெட்டியில் 'ஈ47' என்ற வெற்றுக் குறியீட்டுக்குப் பதிலாக 'ஆர்டரை உறுதிசெய்யும் பட்டன்' என்று படித்துவிட்டு நான் சரி சொல்ல முடிகிறது.

எங்கள் அலுவலகத்துக்கு வெளியார் ஒருவர் எழுதிக் கொடுத்த டூல்களைப் பார்த்த பிறகு இதெல்லாம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அதில் ஒன்றுக்கு 'படிவத்தைக் கையாளும்' என்பதே முழு விளக்கம். விடுப்புப் படிவத்தை நிரப்பிக் காட்டு என்று ஏஜென்ட்டிடம் சொன்னோம். நிரப்பியது, அனுப்பியும்விட்டது. சோதனைக்கான ஸ்டேஜிங் சர்வரிலிருந்து மேனேஜர்களுக்கெல்லாம் மெயில் பறந்தது. கையாளுவது என்றால் அனுப்புவதும்தானே, ஏஜென்ட்டை என்ன குறை சொல்ல? பிளேரைட்டில் தட்டச்சு செய்யும் டூலுக்கு 'சப்மிட்' தனி பாராமீட்டர், எழுதி முடித்தபின் என்டர் அழுத்த வேண்டுமா என்று. எங்கள் டூலை இப்போது இரண்டாக உடைத்து, முதலாவதில் 'நிரப்பும், அனுப்பாது' என்று எழுதிவைத்திருக்கிறோம்.

குறையும் உண்டு. டூல்கள் அதிகம், எல்லா விளக்கமும் சேர்ந்து ஏஜென்ட்டின் கான்டெக்ஸ்ட்டில் (மாடல் ஒரே நேரத்தில் கவனத்தில் வைக்கும் உரையில்) இடம் பிடிக்கும். எக்ஸ், ஒய் புள்ளி வைத்துக் கிளிக் செய்யும் டூல்களை, வேண்டும் என்று கேட்டால்தான் தருகிறார்கள், அது நல்லது. என் உண்மையான வருத்தம் 'பிரவுசர் இவால்யுவேட்' மீது. பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் என்கிறது, எப்போது ஓட்டக்கூடாது என்று சொல்வதில்லை. குக்கீ பேனர் ஒன்று பட்டனை மறைத்துக்கொண்டு நின்றால் சாதாரண கிளிக் தோற்க வேண்டும். அந்தத் தோல்விதான் எனக்கு வேண்டிய பக். ஸ்கிரிப்ட் வழியாகக் கிளிக் செய்தால் பேனரைத் தாண்டிப் போய்விடும், டெஸ்ட்டும் பாஸ். 'சாதாரண கிளிக் தோற்றால் இதைக் குறுக்குவழியாக எடுக்காதே' என்று விளக்கத்தில் ஒரு வரி வேண்டும். அது வரும் வரை டெஸ்டிங்குக்கு இந்த டூலை கிளையன்ட் (ஏஜென்ட் ஓடும் ஆப்) செட்டிங்ஸில் அணைத்துவிட்டு ஓட்டுங்கள். டேட்டா எடுக்க மட்டும் பயன்படுத்துகிறவர்கள் அப்படியே விடலாம்.