பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒரு 2013 கம்ப்யூட்டர்: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு பழைய டெஸ்க்டாப் உறையோடு நிற்கும். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வீடு திறப்பது பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும். அந்த நாலு நாளில்தான் ஆச்சிக்கு வீடியோ கால் வேண்டும், மொய்க் கணக்கு ஏற்ற வேண்டும். அப்போது பார்த்து அது பத்து நிமிடம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

இங்கே சொல்வது அப்படிப்பட்ட ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி: கோர் ஐ3-3220 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் டிஸ்க்) மாட்டி, ரேம் கூட்டி மூன்று வருடம் ஓடியிருக்கிறது. வேலை நன்றாகவே செய்கிறது. ஆனால் செலவை எந்த வரிசையில் செய்வது என்பது முக்கியம்.

முதலில் எர்த். பழைய வயரிங்கில் இரண்டு பின் பாயிண்ட்தான் இருக்கும். மூன்று பின் இருந்தாலும் எர்த் வயர் உள்ளே வந்திருக்காது. ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு நின்று கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறதா? எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டிக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்குப் போகின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணில் இறங்கிவிடும். இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், கேபினெட்டில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவிக்கு எச்டிஎம்ஐ வயரைச் செருகினால் போர்ட் போய்விடக்கூடும். எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: லைனுக்கும் எர்த்துக்கும் 230 காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை அனுமதிக்கவே கூடாது. நியூட்ரல் அறுந்த அன்றைக்குக் கேபினெட் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும்.

அடுத்தது எஸ்எஸ்டி. வேகம் என்று சொல்வதில் முக்கால் பங்கு இது ஒன்றுதான். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பதற்குக் காரணம் ப்ராசஸர் அல்ல. ஹார்ட் டிஸ்க்கின் முள் நொடிக்கு நூறு இடம் தாவுவதற்குள் களைத்துவிடுகிறது. எச்61 போர்டில் டிஸ்க்கை இணைக்கும் வழி பழைய சாட்டா 2 மட்டும்தான், அதனால் எந்த எஸ்எஸ்டி போட்டாலும் நொடிக்கு 280 எம்பிக்கு மேல் வராது. விலை கூடிய மாடல் வீண். சாதாரண 256 ஜிபி போதும். இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்த பூட்டிங் இருபத்தைந்து நொடிக்குள் வந்தது, இன்றும் அப்படியே இருக்கிறது.

மாட்டும்போது தவறுவது மூன்று இடங்களில். பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போதே திறக்கும் செட்டிங் திரை) சாட்டா மோடைப் பழைய ஐடிஇயிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றுவதை இன்ஸ்டால் செய்யும் முன்பே செய்துவிடுங்கள்; பிறகு மாற்றினால் நீலத் திரைதான். இன்ஸ்டால் நடக்கும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் வயரைக் கழற்றி வையுங்கள். மாட்டியே இருந்தால் பூட் ஃபைல்கள் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், பின்னால் அதை எடுத்ததும் சிஸ்டம் எழாது. மூன்றாவது, 500 ஜிபி டிஸ்க்கை 256 ஜிபிக்கு அப்படியே குளோன் (முழு நகல்) செய்ய முயல்வது. பார்ட்டிஷனைச் சுருக்காமல் அது நடக்காது. புதிதாகவே போடுவது மேல். விண்டோஸ் 10இன் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாற்றினால் போகாது.

ரேம் 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 1600. இரண்டு ஸ்லாட்டும் நிரம்பினால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் டூயல் சேனல் கிடைக்கும். டிடிஆர்4 இதில் உட்காராது. எட்டு ஜிபிக்கு மேல் இந்த வேலைக்குத் தேவையில்லை. பழைய கிராபிக்ஸ் கார்டு, ஐ5 ப்ராசஸர் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

செம்மண் தூசி தனிக் கதை. ப்ராசஸர் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள்: இறக்கைகளுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே செம்பழுப்பு நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம், விரலால் உரித்தால் ஒரே தாளாக வரும். காற்று தகடுகளுக்குள் போகவே இல்லை என்று பொருள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பிளோயர் அடியுங்கள்; சுழல விட்டால் பேரிங் கெடும். ஹீட்சிங்க்கை (அந்த அலுமினியத் தகடுகளை) எடுக்கும் முன் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பேஸ்ட் இளகியிருக்கும். நான்கு பின்களையும் அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது எதிர்ப்பக்கம் திருப்பி, குறுக்குமறுக்காக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் ‘டக்’கென்று விழ வேண்டும். ஒரு பின் விழாவிட்டாலும் ஹீட்சிங்க் சாய்ந்து நிற்கும், சூடு குறையாது. புது தெர்மல் பேஸ்ட் ஒரு பாசிப்பயறு அளவு, நடுவில். அதற்கு மேல் வேண்டாம்.

இனி, வீடு பூட்டிக் கிடப்பதால் வருகிற சங்கடங்கள். இவற்றைப் பொதுவான குறிப்புகளில் யாரும் எழுதுவதில்லை. ஆறு மாதம் கழித்துப் போட்டால் ஃபேன் சுற்றும், திரை வராது. பெரும்பாலும் ரேம்தான். கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து மாட்டினால் வந்துவிடும். தேதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 செல் தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருக்கும்வரை பேங்க் தளங்கள் பாதுகாப்பில்லை என்றே சொல்லும். இன்டர்நெட்டைக் குறை சொல்லாமல் செல்லை மாற்றுங்கள்.

யூபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி சார்ஜ் இல்லாமல் கிடந்தால் தகடு சல்பேட் பிடித்துச் செத்துப்போகும். முழுச் சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஏற்ற வேண்டும். எஸ்எஸ்டியும் கரண்டே இல்லாமல் வருடக்கணக்கில் கிடப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. அதில் தகவல் நிற்பது மின்னூட்டமாக. தேய்ந்த எஸ்எஸ்டியில், வெயில் காலத்துச் சூட்டில், அது இன்னும் வேகமாகக் கசியும். அதனால் கல்யாணப் படங்களும் தாத்தா காலத்து ரங்கூன் கடிதங்களின் ஸ்கேனும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறு ஊரில் இன்னொரு பிரதி என்று இருக்கட்டும். பழைய டிஸ்க்கை நம்பும் முன் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில், கெட்ட இடங்களைக் கணக்கிடும் 05, சி5 வரிகள் இரண்டும் பூஜ்யமா என்று பாருங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகப் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெலிலிருந்துதான், இந்த ஐ3 மூன்றாம் தலைமுறை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் இதில் சுகமாக ஓடுகிறது, தமிழ்99 தட்டச்சும் உண்டு. டேலி வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் அது ஒத்துவராது.

பூட்டிப் புறப்படும் நாளில் பவர் பிளக்கோடு, பிராட்பேண்டு பெட்டியிலிருந்து வரும் லேன் வயரையும் பிடுங்கிவிடுங்கள். ஐப்பசி இடி அந்த வழியாகவும் வரும். மேலே துணி போர்த்துங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும்.