பழைய மதர்போர்டைப் புதியது என்று விற்கிறார்கள்: வேலூரில் வாங்குவோர் கவனத்துக்கு

பழைய கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு வாங்கித் தாமே மாட்டிக்கொள்ள நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்பு, பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் மேலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கடைக்காரர் கண்ணெதிரிலேயே எடுத்து, உள்ளே பின் ஏதும் வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் வாங்கி வந்தேன். 2,600 ரூபாய் போனதைவிட, "நீங்கதான் சார் கெடுத்துட்டீங்க" என்று சொல்லக் கேட்டு, பதில் பேச வழியின்றி நின்றதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் இருப்பது 2012இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர், எச்61 வகை மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு. சென்ற ஆவணியில் ஓர் இரவு இடியும் மழையுமாக மின்சாரம் நாலைந்து முறை போய்ப் போய் வந்தது. மறுநாள் காலையில் ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் இணைப்பைக் கழற்றி, பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்துப் பார்த்ததில் அது ஓடியது. ராமை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டும் பலனில்லை. போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்தபோது, பிராசஸருக்குப் பக்கத்தில் மூன்று கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன. ஒன்றின் உச்சியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது.

இந்த பிராசஸர் எல்ஜிஏ 1155 சாக்கெட்டில்தான் பொருந்தும். அந்தச் சாக்கெட் இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிராசஸர்களோடு முடிந்துவிட்டது. இன்றைய போர்டு வாங்கினால் பிராசஸரையும் ராமையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே அதே எச்61 போர்டையே தேடிப் போனேன். நகருக்குள் உள்ள ஒரு கடையில் (பெயர் சொல்லப் போவதில்லை) அட்டைப்பெட்டியோடு ஒன்றை எடுத்து வைத்து, "புதுசு சார், ஒரு வருஷம் வாரன்டி" என்றார்கள். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "எச்61 – 2600" என்று எழுதி, அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற ரப்பர் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்கள். வாரன்டியும் அந்த முத்திரையும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

மாட்டும் வேலையில் நான் அவசரப்படவில்லை. பழைய போர்டின் முன்பக்க சுவிட்ச், விளக்கு ஒயர்களைப் படமெடுத்துக்கொண்டு, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டே போர்டைக் கையில் எடுத்தேன். அடியிலுள்ள பித்தளைத் தாங்கிகள் புதிய போர்டின் துளைகளுக்கு நேராக இருக்கின்றனவா, தேவையில்லாத ஒன்று போர்டின் முதுகில் முட்டுகிறதா என்று சரிபார்த்தேன். பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்தேன். திரை வந்தது, விண்டோஸும் வந்தது. ஆனால் 8 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 4 ஜிபி மட்டுமே காட்டியது. இரண்டு ராமையும் இடம் மாற்றினாலும் அதே கதைதான்: இரண்டாவது ஸ்லாட்டில் எதைச் செருகினாலும் அது கணக்கில் வரவில்லை. பத்து நாளைக்குள் தானாக உறைந்து நிற்கவும் தொடங்கியது.

ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், ஒரு ஸ்லாட் மட்டும் செத்திருந்தால் சாக்கெட்டின் பின்களையும் சந்தேகிக்க வேண்டும். பிராசஸரைத் தூக்கிவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். நாற்று நட்ட வயல் போல 1155 பின்களும் ஒரே பக்கம் சாய்ந்து வரிசையாக மின்ன, ஓரத்தில் ஒன்று மட்டும் பக்கத்துப் பின்மேல் படுத்துக் கிடந்தது.

போர்டோடு கடைக்குப் போனபோது, அந்தப் பின்னைப் பார்த்த அடுத்த நொடியே, "இது உங்க கை பட்டது சார், நீங்களே மாட்டினா நாங்க பொறுப்பு இல்ல" என்றார்கள். நான் வளைக்கவில்லை என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பது? தாமே மாட்டிக்கொள்ளும் வாடிக்கையாளர் இவர்களுக்கு வசதியானவர். எந்தக் குறையையும் அவர் தலையில் கட்டிவிடலாம்.

ஆனால் போர்டு வேறு சாட்சிகளை வைத்திருந்தது. திருகுத் துளைகளைச் சுற்றி நான் ஒருமுறை முடுக்கியதால் வரக்கூடியதைவிட அதிகமாக, வட்டம் வட்டமாகத் தேய்ந்த தடங்கள் இருந்தன. போர்டின் முக்கியச் சிப்பான சிப்செட்டின் விளிம்பைச் சுற்றி, பற்றவைக்கும்போது தடவும் ஃபிளக்ஸ் மஞ்சளாகப் பிசுபிசுவென்று காய்ந்திருந்தது. யாரோ சூடேற்றிச் சிப்பைக் கையாண்டதன் அடையாளம் அது. யுஎஸ்பி போர்ட்டுகளின் உலோகத்தில் துருப் புள்ளிகள். போர்ட்டுகளைச் சுற்றிக் கேபினட்டில் பொருத்தும் பின்பக்கத் தகடு பெட்டியில் இல்லவே இல்லை. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால், மதர்போர்டைக் குறிக்கும் பேஸ்போர்டு என்ற வரியில் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த மாடலே இல்லை. இவற்றுள் முதல் நான்கையும் கடையிலேயே இரண்டு நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய அல்லது புதுப்பித்த பொருளைப் புதியது என்று காட்டி விற்பதையும், பில் கொடுக்காமல் இருப்பதையும் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு எதுவும் குறிக்கப்படாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அதில் அடங்கும். அந்த ரப்பர் முத்திரையை நம்பி யாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். துண்டுச் சீட்டு, யுபிஐ பணம் போன விவரம், போர்டின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துக் கடைக்கு எழுத்து மூலம் அறிவிப்பும் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துக் கடையிலிருந்து அழைத்து, பணத்துக்குப் பதில் வேறொரு போர்டு தருவதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன், அதன் துளைகளைச் சுற்றியும் அதே வட்டத் தடங்கள். வேண்டாம் என்றதும் 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்போது ஓடுவது காட்பாடியில் இன்னொரு கடையில் "செகண்ட் ஹேண்ட்தான் சார்" என்று வெளிப்படையாகச் சொல்லி 1,700 ரூபாய்க்குக் கொடுத்த போர்டு. என் பிராசஸரையும் இரண்டு ராமையும் கையோடு கொண்டுபோய், அவர்கள் மேசையிலேயே மாட்டி, விண்டோஸுக்கு முன் திறக்கும் பயாஸ் திரையில் 8 ஜிபி தெரிந்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.