அப்பா முழித்துக்கொண்டுதான் இருந்தார்

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை சூரிச் திரும்பினேன். கோயில் கொடை, தங்கச்சி வீட்டுப் பால்காய்ப்பு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மனதில் நிற்பது, திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில், இதயக் குழாய் அடைப்பைப் பார்க்கும் கேத் லேப் வாசலில் நின்ற பத்து நிமிஷம்தான்.

அப்பாவுக்கு 71 வயது. மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரெட்மில் டெஸ்டில் கோளாறு தெரிந்ததும், மறுநாளே ஆஞ்சியோ பார்க்கலாம் என்றார்கள். இதய ரத்தக்குழாயில் ‘டை’ என்ற சாய மருந்தை ஏற்றி, அடைப்பை எக்ஸ்ரே திரையில் பார்ப்பதுதான் அது. சூரிச்சில் ஒரு எக்கோவுக்கு, அதாவது இதய ஸ்கேனுக்கு, நான் ஐந்து வாரம் காத்திருந்தவன். இந்த வேகத்தைப் பார்த்து நம்மூர் நம்மூர்தான் என்று பெருமைப்பட்டேன். வெறும் வயிறு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, கையிலும் தொடையிலும் முடி மழித்தல், நாலைந்து கையெழுத்து. பிளாஸ்க்கும் போர்வையுமாக அம்மா வராந்தாவில் இடம் பிடித்துவிட்டாள்.

உள்ளே கூட்டிப்போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கதவு திறந்து, “பேஷண்ட் கூட வந்தது யாரு?” என்று ஒரு குரல். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். திரையில் கறுப்பாக ரத்தக்குழாய் துடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கத்துப் பெரிய குழாயில் 90 சதவீதம் அடைப்பாம். “இப்பவே ஸ்டென்ட் வச்சிரலாம். இல்லன்னா இன்னொரு நாள் மறுபடி குத்தணும். சரின்னா கவுன்டர்ல கட்டிட்டு வந்துருங்க.” பலூனை ஊதி அடைப்பை விரித்து, குழாய் மறுபடி மூடாமல் அங்கே வைக்கும் சின்ன வலைக்குழாய்தான் ஸ்டென்ட்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா. பச்சைத் துணி போர்த்தி, வலது கை மட்டும் வெளியே நீட்டியிருந்தது. மணிக்கட்டில் மட்டும்தான் மரப்பு ஊசி போடுவார்கள், முழு மயக்கம் கிடையாது. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, என்ன என்று கேட்டார். நான் டாக்டரிடம் தலையாட்டிவிட்டுப் பணம் கட்ட ஓடினேன்.

ஆஞ்சியோ பார்த்த கையோடு ஸ்டென்ட் வைப்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். ஸ்டென்ட் வைத்ததிலும் எனக்குக் குறை இல்லை. மாரடைப்போடு தூக்கி வந்திருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. அப்பா நடந்து வந்தவர். அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட் வைக்கட்டுமா, மாத்திரையில் பார்க்கலாமா, பைபாஸ் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று முந்தின நாளே அவரிடம் பேசியிருக்க எல்லோருக்கும் நேரம் இருந்தது. நான் இருக்கும் சூரிச்சில்தான் 1977 செப்டம்பர் 16 அன்று ஆன்ட்ரியாஸ் குரூன்ட்சிக் முதன்முதலாக இதயக் குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பைத் திறந்தார். அந்த நோயாளியும் முழித்துக்கொண்டுதான் இருந்தார். இங்கே என்னோடு வேலை பார்ப்பவருக்கு அதே சிகிச்சை நடந்தபோது, டாக்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளில் படம் வரைந்து காட்டினாராம். ஊரில் எங்கள் தெருவில் முன்பு ஒரு டாக்டர் இருந்தார். அவரும் அப்பாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம்தான் பேசுவார்.

ராத்திரி டூட்டிக்கு வந்த சிஸ்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா மணிக்கட்டில் காற்றடைத்த பிளாஸ்டிக் பட்டை கட்டியிருந்தது. சிரிஞ்சை மாட்டி, ரத்தம் கசிகிறதா என்று குனிந்து பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினார்.

“தாத்தா, பலூன் ஊதும்போது நெஞ்சைப் பிடிச்சிருக்குமே?”

“ஆமா தாயி. இத்தோட போயிருவேன்னு நெனச்சேன்.”

“அந்த நேரம் குழாய்ல ரத்தம் போகாதுல்லா, அதான். பலூனைச் சுருக்குனதும் சரியாயிரும். டை ஏத்தும்போது ஒடம்பெல்லாம் சூடாகி, ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருந்திருக்கும்.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். “நெசமாவே போயிட்டேன்னு நெனச்சேன். வெக்கப்பட்டு யார்ட்டயும் சொல்லல.”

“எல்லாருக்கும் அப்படித்தான் தாத்தா இருக்கும். நெறைய தண்ணி குடிங்க, டை மூத்திரத்துல போயிரும். நாலு நாளைக்கு அந்தக் கையால வாளி தூக்கக் கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாத்திரைய பல் டாக்டரே நிறுத்தச் சொன்னாலும் எங்க டாக்டரைக் கேக்காம நிறுத்திராதீங்க. ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சிரும்.”

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. காலையிலேயே யாராவது சொல்லியிருந்தால் அப்பா அந்த மேசையில் சாவுபயத்தோடும் வெட்கத்தோடும் கிடந்திருக்க மாட்டார். சொல்லாதவர்களில் நானும் ஒருவன். அந்த சிஸ்டருக்குக் கை கூப்பினேன்.

பில்லில் ஸ்டென்ட்டின் விலை, கம்பெனி பெயர், பேட்ச் எண் எல்லாம் தனியாக இருக்க வேண்டும். 2017-இல் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்ததிலிருந்து அதுதான் விதி. போகிறவர்கள் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அப்பா சொன்னார்: “ஏல, என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா. முழிச்சிக்கிட்டுதான கெடந்தேன்.”

வலது குழாயிலும் பாதி அடைப்பு இருக்கிறதாம், மூன்று மாதம் கழித்துப் பார்ப்பார்கள். நான் கிளம்பிய அன்று காலையில், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அப்பா டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து கேள்விகள் ஆகியிருந்தன.