ஏழு ஆண்டு ஓடிய நாஸ் பெட்டியும் அப்பாவின் 61 கேசட்டுகளும்

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. விடியற்காலையில் சுமத்ரா காற்று சிங்கப்பூரின் செங்காங்கை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுப் போனது. இடி விழுந்த வேகத்தில் வீட்டில் மின்சாரம் போய், சில விநாடிகளில் திரும்பி வந்தது. ஏழு மணிக்கு அம்மா தொலைக்காட்சியில் குடும்பப் படங்களைத் திறக்கப் பார்த்துவிட்டு, ஒன்றுமே வரவில்லையே என்றார். பாதுகாப்பறையின் இரும்புக் கதவைத் திறந்தேன். உள்ளே நாஸ் பெட்டி, அதாவது வீட்டு வலையமைப்பு வழியாக எல்லோரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி; அதன் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. விசிறி சுற்றியது, வன்தட்டுகள் சுற்றின, பெட்டி மட்டும் எழவில்லை. வேறு அடாப்டர் மாட்டிப் பார்த்தேன். தட்டுகள் நான்கையும் உருவிவிட்டு வெறும் பெட்டியை இயக்கினேன். அதே சிமிட்டல். தாய்ப்பலகை போய்விட்டது.

அந்தப் பெட்டியை 2016-ல் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினேன். உள்ளே 4 டெராபைட் தட்டுகள் நான்கு, ஒரு தட்டு போனாலும் தரவு போகாத ரெய்டு 5 அமைப்பில். ஏழு ஆண்டுகளில் அது செய்த வேலையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வீட்டில் ஐந்து பேரின் கைப்பேசிப் படங்களும் தாமாகவே அதில் போய்ச் சேர்ந்தன. அம்மா தொலைக்காட்சியிலிருந்தே பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பார். 2019-ல் ஒரு தட்டு பழுதானபோது புதியதை மாட்டினேன். ஒரே நாளில் தன்னைத்தானே சரிசெய்துகொண்டது. அந்த ஒரு நாள்தான் என்னைக் கெடுத்தது. ரெய்டு இருக்கும்போது வேறு காப்புநகல் எதற்கு என்று அன்று முடிவு செய்தேன்.

ரெய்டு 5 செய்வது எளிய கணக்கு. மூன்று தட்டுகளில் மூன்று எண்கள், நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒன்று காணாமல் போனாலும் மற்ற மூன்றையும் வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். கணினி கூட்டுவதற்குப் பதில் எக்ஸார் என்ற பிட் கணக்கைப் போடுகிறது. கூட்டுத்தொகையை ஒரே தட்டில் வைக்காமல் நான்கிலும் மாற்றி மாற்றி வைக்கிறது. 16 டெராபைட் வாங்கினால் 12 டெராபைட் பயன்படும். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-ல் எழுதிய கட்டுரைதான் ரெய்டு என்ற பெயரைக் கொடுத்தது. ஒரு தட்டு போனாலும் வேலை நிற்காது என்பதே ரெய்டு 5 தரும் காப்பு. பெட்டி போவதற்கும், தவறான பொத்தானை அழுத்தும் கைக்கும் அது பொறுப்பேற்பதில்லை.

பெட்டியில் 7 டெராபைட் இருந்தது. அதில் எனக்கு உயிரானவை இரண்டு. ஒன்று, அப்பாவுக்கு வந்த ஒலிக் கடிதங்கள். 1979-ல் செம்பவாங் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர். அவருடைய அம்மாவான அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே மன்னார்குடியிலிருந்து கேசட்டில் பேசி, போக வர இருந்த ஊர்க்காரர்கள் கையில் கொடுத்தனுப்புவார். 61 கேசட்டுகள், 122 பக்கங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் நாடாக்களில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிட்டதால், 2017-ல் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி முடித்ததும் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இரண்டாவது, பழைய வீடியோ கேமராவின் 40 மினிடிவி நாடாக்களிலிருந்து எடுத்த குடும்ப வீடியோக்கள். ஒலிக் கடிதங்கள் அத்தனையும் சேர்த்து 40 கிகாபைட்டுகூட வராது. சட்டைப் பையில் போடும் பென்டிரைவில் அடங்கியிருக்கும். அதை நான் செய்யவில்லை.

உண்மையான கேடு தொடங்கியது அதற்கு 41 நாள் முன்பு. இதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். ஜூலை 9 அன்று இரண்டாம் தட்டு வாசிக்கத் தாமதித்ததால் பெட்டி அதை அணியிலிருந்து, அதாவது சேர்ந்து இயங்கும் நான்கு தட்டுகளின் கூட்டிலிருந்து, விலக்கிவிட்டது. எச்சரிக்கை மின்னஞ்சல் வரவில்லை. மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றியபோது பெட்டியில் மாற்ற மறந்திருந்தேன். பீப் ஒலி எழுப்பியிருக்கும். ஆனால் பெட்டி இருந்தது பாதுகாப்பறையில். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தடித்த சுவரும் இரும்புக் கதவுமாக இருக்கும் அந்த அறைக்குள் எது கத்தினாலும் கூடத்தில் கேட்காது. காற்றோட்டமும் கிடையாது. நாஸ் பெட்டிக்கு வீட்டில் அதைவிட மோசமான இடம் இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

பெட்டி போன அன்று மதியம் ஒரு கடையில் கேட்டேன். அதே நிறுவனத்தின் புதிய பெட்டியில் தட்டுகளை மாட்டி, கேட்பதற்கெல்லாம் சரி கொடுத்தால் வந்துவிடும் என்றார்கள். தட்டுகள் நான்கும் நலமாக இருந்தால் பெரும்பாலும் வந்துவிடும் என்பது உண்மை. என் நிலைமை அதுவல்ல. புதிய பெட்டி தானாகவே மறுகட்டமைப்பை, அதாவது மற்ற தட்டுகளை முழுதாகப் படித்து விலகிய தட்டை நிரப்பும் வேலையை, தொடங்கினால், நோயுற்ற தட்டுகள் அந்தச் சுமையில் விழுந்துவிடும். தரவு மீட்பு நிறுவனம் ஒன்று 3,800 சிங்கப்பூர் வெள்ளி கேட்டது. மாலையில் அக்கா மகன் வந்தான். கணினி படிப்பவன், கைவேகம் அதிகம். நான் தேநீர் எடுத்து வருவதற்குள் ஒரு தட்டைத் தன் மடிக்கணினியில் செருகிவிட்டான். அது லினக்ஸ் இயங்குதளத்தின் கோப்பு முறைமையில் இருந்ததால் விண்டோஸுக்குப் புரியவில்லை. வடிவமைத்தால்தான், அதாவது இருப்பதை அழித்துப் புதிதாக்கினால்தான் பயன்படுத்த முடியும், வடிவமைக்கவா என்று கேட்டு நின்றது. “வேண்டாம், கையை எடு” என்று நான் கத்தியதை அவன் இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

அன்றிரவு ஒரு முடிவெடுத்தோம். மூலத் தட்டுகளில் ஒரு பைட்டும் எழுதக் கூடாது. எந்தத் தட்டு எந்த இடுக்கில் இருந்தது என்பதை ஒட்டுத்தாளில் எழுதி, தொடர் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களோடு ஒட்டினேன். பெட்டி போய்விட்டாலும் அணியின் குறிப்புகள் ஒவ்வொரு தட்டிலும் எழுதப்பட்டிருக்கின்றன என்பதுதான் எங்களுக்கிருந்த பிடி. வீட்டு நாஸ் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை, என்னுடையதும் அப்படித்தான். எம்டிஏடிஎம் என்ற இலவச மென்பொருளே உள்ளிருந்து அணியைக் கட்டுகிறது. ஆகவே உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஏற்றிய எந்தக் கணினியாலும் அதைப் படிக்க முடியும்.

நான்கு தட்டுகள் மாட்டும் யூஎஸ்பி தாங்கி, 4 டெராபைட் புதிய தட்டுகள் மூன்று, மீட்டதைக் கொட்ட 12 டெராபைட் ஒன்று என ஏறத்தாழ 950 வெள்ளி ஆனது. உபுண்டுவில் ஒவ்வொரு தட்டின் குறிப்பையும் படித்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு நிகழ்வு எண் இருக்கும். அணியின் நிலை மாற மாற அது ஏறிக்கொண்டே போகும். ஒன்று, மூன்று, நான்கு ஆகியவற்றில் ஒரே எண். இரண்டாம் தட்டின் எண் மிகவும் பின்தங்கியிருந்தது. பக்கத்திலேயே ஜூலை 9 என்ற தேதி. இரண்டாம் தட்டு ஒதுங்கியிருந்ததை நான் அறிந்தது அந்த வரியில்தான். தட்டு தன் உடல்நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் நான்காம் தட்டின் 197-ஆம் பண்பு, அதாவது வாசிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் என்ற சிறு பகுதிகளின் எண்ணிக்கை, 64 என்றது. ஒன்று ஏற்கெனவே விலகிவிட்டது, இன்னொன்று விழப் போகிறது. புதிய பெட்டியில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

நகலெடுக்க டிடிரெஸ்க்யூ. இந்த ஒரு மென்பொருளுக்கு நான் கடமைப்பட்டவன். சாதாரண நகல் கருவி கெட்ட இடத்தில் முட்டி நிற்கும், அல்லது அதையே திரும்பத் திரும்பப் படித்துத் தட்டைச் சாகடிக்கும். இது கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் நல்லவற்றையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் சிறுகச் சிறுகத் திரும்பி வரும். எங்கே விட்டது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். நடுவில் நிறுத்தினாலும் அதே இடத்திலிருந்து தொடரலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. மூலமும் நகலும் இடம் மாறினால் எல்லாம் அழியும். தொடர் எண்ணை நான் வாசிக்க, அவன் திரையில் சரிபார்க்க, பிறகே கட்டளை. ஒன்றும் மூன்றும் தட்டுக்குப் பத்து மணி நேரத்தில் முழுமையாக வந்தன. நான்காவதில் முதல் சுற்று அதே நேரம்; மிச்சத்துக்காக இன்னும் ஒன்றரை நாள். தட்டின் மேல் சின்ன மேசை விசிறியை வைத்து இரவெல்லாம் ஓட்டினோம். கடைசியில் வராமல் போனது 28 கிலோபைட். 4 டெராபைட்டில் 28 கிலோபைட்.

நகல்கள் மூன்றையும் மாட்டி, வாசிக்க மட்டும் என்ற நிலையில் அணியைக் கூட்டினோம். எளிதில் தவறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது: பெட்டியில் இருந்த ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையை வாசிக்க மட்டும் என்று ஏற்றினாலும், எழுத வழியிருந்தால் அது தன் பதிவேட்டைச் சரிசெய்து எழுதப் பார்க்கும். நோலோட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் சும்மா இருக்கும். அணியை ‘உருவாக்கு’ என்ற கட்டளையை நாங்கள் தொடவே இல்லை. ‘கூட்டு’ என்பது இருப்பதைச் சேர்ப்பது; ‘உருவாக்கு’ என்பது குறிப்புகளைப் புதிதாக எழுதிவிடுவது. கூட்ட முடியாத அவசரத்தில் உருவாக்கப் போய்த்தான் பலர் மீட்கக்கூடியதையும் இழக்கிறார்கள்.

கோப்புறைகள் வந்தன. முதலில் எடுத்தது அந்த 40 கிகாபைட். 2017-ல் ஒவ்வொரு கோப்புக்கும், உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் எம்டி5 சரிபார்ப்பு எண் எடுத்து, மினிடிவி வீடியோக்களுக்கும் சேர்த்து, ஒரு பட்டியலை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருந்தேன். அதை வைத்து ஒப்பிட்டால், பதினேழு கோப்புகள் இல்லவே இல்லை என்று வந்தது. எனக்குக் கை நடுங்கியது. கோப்புறையில் பார்த்தால் அவை கண்ணெதிரே இருந்தன. அக்கா மகன்தான் கண்டுபிடித்தான்: பதினேழின் பெயரிலும் ஒகர, ஓகார எழுத்துகள். ‘கொல்லை’, ‘போரடி’, ‘கோயில்’. யூனிகோடில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. பட்டியல் எடுத்த கணினி ஒருவிதமாகவும் பெட்டி வேறுவிதமாகவும் வைத்திருந்தன. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். பெயரை ஒருமுகப்படுத்தியதும் 122 பக்கங்களும் பொருந்தின. கோப்பு முறைமையை விட்டுவிட்டு வெறும் வடிவத்தைப் பார்த்துத் தோண்டும் மென்பொருள்களை நாடியிருந்தால் இந்தப் பெயர்கள் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது, எண்கள்தான் வந்திருக்கும்.

வீடியோக்களில் ஒன்று பொருந்தவில்லை. அக்காவின் திருமணம், 2001, சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் மண்டபம். அந்த 28 கிலோபைட் விழுந்த இடம் அதுதான். மினிடிவியில் ஒரு சட்டகம் (ஃப்ரேம்) 144,000 பைட். ஆக, ஒரே ஒரு சட்டகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு விநாடிக்கு 25 சட்டகங்கள் ஓடும் படத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள். அக்கா மகன் விடவில்லை. “மாமா, அந்தக் கோப்பை 2017-க்குப் பிறகு யாராவது தொட்டார்களா?” என்று கேட்டான். இல்லை என்றேன். அப்படியானால் இரண்டாம் தட்டு ஜூலையில் விலகியிருந்தாலும், அந்த இடத்தைப் பொறுத்தவரை அதிலிருப்பது பழையதல்ல, சரியானதுதான். நான்காம் தட்டில் வராத இடம் எது என்பது வரைபடக் கோப்பில் இருக்கிறது. மற்ற மூன்று தட்டுகளிலும் அதே இடத்தைப் படித்து எக்ஸார் போட்டால் இழந்தது கிடைக்க வேண்டும். பைத்தான் என்ற நிரல் மொழியில் இருபது வரி எழுதினான். இரண்டாம் தட்டு அந்த இடத்தைத் தடங்கலின்றிக் கொடுத்தது. கிடைத்த 28 கிலோபைட்டை நான்காம் தட்டின் நகலில் எழுதி, அணியை மறுபடி கூட்டி, சரிபார்ப்பு எண் எடுத்தோம். 32 எழுத்துகளையும் அவன் வாய்விட்டு வாசித்தான், நான் பட்டியலில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி எழுத்துவரை பொருந்தியது. தன் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தில் ஒரு சட்டகத்தை அவனே மீட்டான்.

இரண்டு ஆண்டுகளாக இப்போது வைத்திருப்பது வேறு ஏற்பாடு. இரண்டு தட்டுப் பெட்டி, ஒன்றின் பிம்பம் மற்றொன்று. இடம் பாதி வீணாகிறது என்பார்கள்; பரவாயில்லை. பெட்டி போனாலும் ஒரே ஒரு தட்டைத் தனியாக லினக்ஸில் மாட்டிப் படித்துவிடலாம். வீட்டுப் பயன்பாட்டுத் தட்டுகள் பலவற்றின் விவரத்தாளில் நூறு டிரில்லியன் பிட்டுக்கு ஒரு வாசிப்புப் பிழை என்ற அளவு குறிப்பிடப்பட்டிருக்கும், அது 12.5 டெராபைட். நடைமுறையில் தட்டுகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் ஒரு தட்டு விழுந்த பிறகு மற்ற மூன்றையும் முழுதாகப் படித்தே தீர வேண்டிய ரெய்டு 5-ஐ, பெரிய தட்டுகளோடு வீட்டில் வைக்க எனக்கு இனி மனமில்லை. பெட்டி கூடத்தில், காற்றோட்டமுள்ள அலமாரியில் இருக்கிறது. மின்சாரம் போனால் யூபிஎஸ் சொல்லித் தானே முறையாக அணைந்துகொள்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஸ்மார்ட் நீண்ட சோதனை ஓட்டுகிறேன். அதோடு சோதனை மின்னஞ்சல் ஒன்று வருகிறதா என்றும் பார்க்கிறேன்.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர். அந்த வெளியிடம் எனக்கு பூன் லேயில் இருக்கும் தம்பி வீடு. நகலெடுக்க வாங்கிய 4 டெராபைட் தட்டுகளில் இரண்டு இப்போது அந்த வேலையைச் செய்கின்றன. ஒன்று அவன் வீட்டில், ஒன்று என்னிடம். சோதனை முடிந்த சனிக்கிழமை மாலை என்னிடமுள்ளதைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து, ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறிக் கொண்டுபோகிறேன். அப்பாவும் சில மாதங்களில் கூட வருகிறார். பையை மடியில் வாங்கிக்கொண்டு, இறங்கும்வரை என்னிடம் திருப்பித் தருவதில்லை.