கலங்கல் தண்ணிக்கு மூன்று ஸ்டார்

காவிரிக் கரையில் இருக்கிற ஒரு நகராட்சி, பெயர் வேண்டாம். மேட்டூர் 120 அடியைத் தொட்டு உபரி நீரைத் திறந்தார்கள் என்றால் ஆற்றில் புதுத்தண்ணீர் பார்த்த சந்தோஷம் எங்களுக்கு ஒரு நாள்தான், மறுநாள் குழாயில் டீ வரும், அதுவும் பால் குறைத்து ஊற்றிய டீ. இந்த ஆடியிலும் வந்தது. புகார் எண்ணுக்கு நான்கு தடவை அடித்தேன். மூன்று தடவை எடுக்கவில்லை, நான்காவது தடவை எடுத்தவர் "எல்லா வார்டிலும் அப்படித்தான் சார் வருது" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒரு ஸ்டார் அங்கேயே போச்சு.

அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு சுத்திகரிப்பு நிலையத்துக்கே போய்விட்டேன். சண்டை போடத்தான் போனேன். ஆபரேட்டர் அண்ணன் சாப்பிடாமல் நின்றுகொண்டிருந்தார், மேஜையில் ஆறு கண்ணாடிக் குவளைகளில் ஆற்றுத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு படிகாரம், மேலே ஆறு துடுப்பும் ஒன்றாகச் சுற்றுகின்றன. ஒரு நிமிடம் வேகமாக, பிறகு மெதுவாக. நின்ற பிறகு பார்த்தால் நான்காவது குவளையில் சேறு ஊறிய அவல் மாதிரி திரண்டு அடியில் இறங்கிவிட்டது, படிகாரம் அதிகம் போட்ட ஆறாவதில் மறுபடியும் கலங்கல்! எங்கள் தெருவில் "படிகாரத்தை அள்ளிப் போட வேண்டியதுதானே" என்று பேசுகிறவர்களை அங்கே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். அள்ளிப் போட்டால் தண்ணீரில் புளிப்பும் ஏறிவிடும், அதைச் சரிக்கட்டச் சுண்ணாம்பு வேண்டும். வெள்ளம் வந்தால் எவ்வளவு போட வேண்டும் என்ற இந்தக் கணக்கு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

இன்னொன்றும் சொன்னார். தண்ணீரைத் தினமும் விடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் விட்டதற்கு நாங்கள் எல்லாரும் திட்டினோம் இல்லையா, அதுதான் அவர்கள் செய்த உருப்படியான வேலை. விடுகிற அளவைக் குறைத்து, நிலையத்துத் தொட்டிக்குள் தண்ணீர் மெதுவாகப் போனால்தான் சேறு படிய நேரம் கிடைக்கும், மணல் வடிகட்டியும் அடைக்காது. அடைத்தால் தண்ணீரை எதிர்ப்பக்கமாகச் செலுத்திக் கழுவ வேண்டும், கழுவி முடித்ததும் முதலில் வடிகிற தண்ணீரும் கலங்கல்தான், அதைச் சாக்கடைக்கு விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள், இரண்டு ஸ்டார். ஆனால் ஏன் குறைக்கிறோம் என்று ஆட்டோவில் ஒரு மைக் கட்டிச் சொல்ல முடியவில்லையா? வரி கட்டச் சொல்ல மட்டும் அந்த ஆட்டோ தெருத் தெருவாக வருகிறதே.

கலங்கல் வெறும் அழுக்கு விஷயம் இல்லை. குடிநீருக்கு இந்தியத் தர அளவு 1 என்.டி.யு. (கலங்கலை அளக்கிற அலகு), வேறு வழியில்லை என்றால் 5 வரை. சேறு இருந்தால் கிருமி அதற்குள் ஒளிந்துகொள்ளும், குளோரின் சரியாகப் பிடிக்காது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஏரித் தண்ணீர் சரியாக வடிகட்டப்படாமல் வீடுகளுக்குப் போய், ஏறக்குறைய 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. அதைக் கிளப்பிய கிருமி குளோரினுக்கு லேசில் சாகாத ஜாதி.

கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். வெள்ளையாக இருந்து அடியிலிருந்து மேலே தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, பயமில்லை. அடியில் மண் தங்கினால் துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். நிலையத்தில் தெளிந்துவிட்டாலும் தெருக் குழாயில் படிந்த சேறு சில நாள் வந்துகொண்டேதான் இருக்கும், அதனால் முதல் பத்து நிமிடத் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள்.

மூன்றாவது ஸ்டார் ஆறு குவளையையும் பொறுமையாகக் காட்டிய அந்த அண்ணனுக்கு. எங்கள் சம்ப்பில் மட்டும் நான்கு விரற்கடைச் சேறு, கழுவ ஆள் கூலி 1,200 ரூபாய், இதற்கும் ஒரு ரசீது எழுதிப் புகார் எண்ணுக்கு அனுப்பலாம் என்று பார்க்கிறேன், எடுத்தால் சரி.