உட்படு சமன்பாட்டை எதில் வரையலாம்? மேட்பிளாட்லிப், சிம்பை, டெஸ்மோஸ், ஜியோஜீப்ரா

ஒய் = எக்ஸ்² என்றால் எந்த மென்பொருளும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடும். ஒய்யைத் தனியே பிரிக்க முடியாத சமன்பாட்டை, அதாவது உட்படு சமன்பாட்டைக் கொடுத்தால்தான் வண்டவாளம் வெளியே வரும். சோதனைக்கு நான் கொடுப்பது இது:

சைன்(எக்ஸ்² + ஒய்²) = காஸ்(எக்ஸ் × ஒய்)

பார்க்கத்தான் மிரட்டல். அவிழ்த்தால் இரண்டு திசைகளில் சாய்ந்த நீள்வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அடுக்கு. அவ்வளவுதான். விடை கையில் இருப்பதால் யார் ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மேட்பிளாட்லிப் என்பது பைத்தான் மொழியில் படம் வரையும் நிரல்தொகுப்பு. அதில் இதற்கென்று தனிக் கட்டளை கிடையாது. எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்து, கான்டூரில், அதாவது ஒரே மதிப்புள்ள இடங்களைக் கோடாக இணைக்கும் கட்டளையில், மட்டம் 0 என்று கொடுப்பார்கள். அது கட்டத்தின் மூலைகளில் மதிப்பைக் கணித்து, குறி மாறும் இடத்தில் கோடு இழுக்கும். ஒவ்வோர் அச்சிலும் −10 முதல் 10 வரை 100 புள்ளிகள் வைத்தால் கட்டம் சுமார் 0.2 அகலம். (10, 10) மூலையருகிலோ, ஓர் அடுக்கின் அடுத்தடுத்த நீள்வட்டங்களுக்கு நடுவே 0.15தான் இடம். நடுப்பகுதி தேறிவிடும், ஓரங்களில் சமன்பாட்டில் இல்லாத வளையங்கள் கோலம் போட்டதுபோல் முளைக்கும். அழகாக வேறு இருக்கும், அதுதான் ஆபத்து. புள்ளிகளை 1000 ஆக்கினால் படம் சரியாகிவிடும். ஆனாலும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சேராமல் விலகி நிற்கும்.

புள்ளியைக் கூட்டியும் தீராத வியாதி ஒன்று உண்டு. (எக்ஸ் + ஒய் − 1)² = 0 என்பது வெறும் நேர்கோடு. ஆனால் இருபுறமும் மிகைக்குறிதான். மாறுவதற்குக் குறியே இல்லை. அதே 100 புள்ளிக் கட்டத்தில் கிடைப்பது காலிப் பெட்டியும் ஓர் எச்சரிக்கை வரியும்.

சிம்பையும் பைத்தான் தொகுப்புதான், குறியீட்டுக் கணிதத்துக்கானது. அது கேட்கும் கேள்வியே வேறு. கட்டம் முழுவதையும் இத்தனை முதல் இத்தனை வரை என்ற ஓர் எண் இடைவெளியாக எடுத்து, இதற்குள் பூச்சியம் வர வாய்ப்பே இல்லையா என்று பார்க்கிறது. வாய்ப்பே இல்லையென்றால் தள்ளிவிடும், சந்தேகமென்றால் கட்டத்தை மேலும் பிளக்கும், கடைசிவரை தீராத சந்தேகத்துக்கு மை பூசிவிடும். அதனால் மேலே சொன்ன நேர்கோடு இதில் வந்துவிடுகிறது. விலை, தடித்த கோடும் பொறுமையும். பிளக்கும் ஆழத்தை 0 முதல் 4 வரை கூட்டலாம், கூட்டக்கூட டீ குடித்துவிட்டு வரலாம். இந்த முறைக்கு அடங்காத சார்பு வந்தால், சொல்லிவிட்டுப் பழைய கட்டமுறைக்கே திரும்பிவிடும்.

டெஸ்மோஸ் உலாவியிலேயே ஓடும், கையாளச் சுலபம். எனக்குப் பிடித்தது அதன் நேர்மை: நுணுக்கம் முழுதாகத் தீர்க்கப்படவில்லை என்றால் சமன்பாட்டின் பக்கத்திலேயே எச்சரிக்கும். வகுப்பில் காட்ட ஜியோஜீப்ராதான். டெகார்த்தேயின் இலை, அதாவது எக்ஸ்³ + ஒய்³ = 3 × எக்ஸ் × ஒய், மேல் ஒரு புள்ளியை வைத்து இழுத்துக் காட்டினால், ஆதிப்புள்ளியை வளைவரை இருமுறை கடப்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் கணிப்பு மென்பொருளான மேட்லேப்பில் 2016 முதல் இதற்குத் தனிக் கட்டளை உண்டு, இயல்பாக 151 புள்ளி அடர்த்தி. உரிமம் இருப்பவர்கள் அந்த எண்ணைக் கூட்ட மறக்க வேண்டாம்.

அச்சுக்குப் போகும் படத்தை நான் மேட்பிளாட்லிப்பில் வரைகிறேன், பிறகு அதே எல்லைகளோடு சிம்பையில் ஒருமுறை ஓட்டுகிறேன். இரண்டாவதில் மை இருந்து முதலாவதில் கோடு இல்லாத இடம் தென்பட்டால், அங்கே மட்டும் பெரிதாக்கி மறுபடி வரைவேன்.